அக்கரையிலிருந்து கூப்பிட்டவர்கள்

ஹம்சிகா சைக்கிள் ஓடப் பழகியதே முப்பத்தெட்டு வயதில்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் எட்டு வயதிலேயே தகப்பனின் சைக்கிளில் பாருக்குக் கீழால் காலை விட்டு மிதித்துத் திரிந்திருப்பாள். அவள் பிறந்து வளர்ந்தது கொழும்பில், வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடி வீட்டில். பள்ளிக்கூடத்துக்கு வான் வந்தது, வேலைக்குப் போகத் தொடங்கியதும் ஸ்கூட்டி வந்தது. சைக்கிளை யாரும் நினைக்கவில்லை.

பெற்றோலுக்காகச் சனம் நாட்கணக்கில் வரிசையில் கிடந்த அந்த வருஷம், ஸ்கூட்டியைப் படிக்கட்டுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு, பாவித்த மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினாள். விழுந்தாள், இரண்டு முழங்காலும் உரிந்தன, திரும்ப ஏறினாள். அவளுக்கு வேலை கொட்டாஞ்சேனையில், கப்பலில் வரும் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் ஒரு கம்பனியில். கடற்கரை வீதியால் போனால் முக்கால் மணித்தியாலம். பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஸ்கூட்டி படிக்கட்டுக்குக் கீழேயே நின்று தூசு பிடித்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கூட்டத்தோடு சேர்ந்தாள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லாரும் அவளைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்கள். ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் அவளுக்காகக் காத்து நின்றார்கள். அவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்து, "சொறி, சொறி" என்பாள். "பரவாயில்லை அக்கா" என்று சொல்லிவிட்டு அவர்கள் உடனே புறப்பட்டுவிடுவார்கள். இளைப்பாறுவதற்கு அவளுக்கு நேரமே கிடைப்பதில்லை. ஒருநாள் பாதுக்கைப் பக்கம் ஓர் ஏற்றத்தில் வைத்து அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் ஏன் இத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிகிறேன்? தனியாகப் போனால் என்ன?

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை ஒரு வியாழக்கிழமையில் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். களனி ஆற்றோடு மேலே மேலே போவது, இரண்டு இரவு வெளியில் கூடாரம் போட்டுப் படுப்பது, சனிக்கிழமை பின்னேரம் வீடு திரும்புவது. இதுதான் திட்டம்.

சைக்கிளில் கட்டும் பைகள் கடையில் கிடைத்தாலும் தன் சைக்கிளின் அளவுக்குச் சரிவராது என்று கொட்டாஞ்சேனையில் ஓட்டோ சீற் தைக்கும் கிளெமென்ற்றிடம் போனாள். அவர் காற்சட்டைக்கு அளவெடுப்பதுபோல் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி நாடா பிடித்தார். லொறிக்குப் போர்த்தும் தடித்த துணியில் மூன்று பை தைத்தார். ஹாண்டிலுக்கு ஒன்று, நடுச் சட்டத்துக்குள் முக்கோணமாக ஒன்று, சீற்றுக்குப் பின்னால் வால்போல் ஒன்று.

"சைக்கிள் போனாலும் பேக் போகாது மிஸ்" என்றார். எங்கே போகிறாள் என்று கேட்டார். சொன்னாள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வால் பையின் பின்பக்கத்தில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி ஒன்றைச் சும்மாவே வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

வீட்டில் சொல்வதுதான் பெரிய வேலை என்று ஹம்சிகா நினைத்திருந்தாள். அம்மா சரோஜினிதேவிக்கு எழுபத்திரண்டு வயது. தகப்பன் போனபிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"எங்கை படுக்கப்போறாய்?"

"கூடாரத்திலை அம்மா."

"மழை வந்தால்?"

"நனையாது."

"பாம்பு பூச்சி?"

"சிப் இருக்கு, இழுத்து மூடலாம்."

அம்மா எழுந்து குசினிக்குள் போனார். அழப்போகிறாரோ என்று ஹம்சிகா பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பயறு வறுக்கத் தொடங்கினார். "பொரிவிளாங்காய் உருட்டித் தாறன். வழியிலை கண்டதையும் தின்னாதை. காலமை ஆறுக்கு ஒரு ஃபோன், பின்னேரம் ஆறுக்கு ஒரு ஃபோன். விளங்குதே?" அவ்வளவுதான். அம்மா ஒரு காலத்தில் நாளுக்கு ஏழு மைல் சைக்கிள் ஓடிப் பள்ளிக்கூடம் போனவர் என்பது ஹம்சிகாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

விடியப்புறம் ஐந்து மணிக்கு முன்பே புறப்பட்டாள். கிருலப்பனைச் சந்தி வெறிச்சோடிக் கிடந்தது. கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. கடுவலைக்கு அப்பால் ஆறு இடதுபக்கம் வந்து சேர்ந்தது. பிறகு மணித்தியாலக் கணக்கில் வீடுகளுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் பின்னால் ஒளிந்து ஒளிந்து கூடவே வந்தது. போயா தினமாதலால் வெள்ளை உடுத்த சனங்கள் பூத்தட்டோடு புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹங்வெல்லையில் பிளேன்ரீ குடித்தாள். அவிசாவளைக்கு அப்பால் ஏற்றங்கள் தொடங்கின. முதலாவது பெரிய ஏற்றத்தில் கால் ஓய்ந்துபோகவே இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். உச்சியில் யாரும் காத்து நிற்கவில்லை. ஒரு பலா மரத்து நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மூச்சு அடங்கும்வரை இருந்தாள். மூச்சு அடங்கிய பிறகும் இருந்தாள். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே இவ்வளவு தூரம் வந்தது சரி என்று தோன்றியது.

யட்டியாந்தோட்டையைத் தாண்டியபோது பின்னேரம் மூன்றரை மணி. வீதியோரக் கடைக்காரரிடம் சிங்களத்தில் விசாரித்தாள். ஆற்றோரம் ஓர் இரவு கூடாரம் போட்டால் யாராவது ஏசுவார்களா? அவர் கையை விரித்து, பிரச்சினை இல்லை, வெள்ளைக்காரர்களும் இடைக்கிடை வந்து போடுவார்கள் என்றார். ரப்பர் மரங்களுக்கு நடுவால் ஒரு தோட்டப் பாதை ஆற்றுக்கு இறங்கியது. கீழே போய்ப் பார்த்தவளுக்கு வாயைத் திறந்தபடி நிற்கத்தான் முடிந்தது. வெள்ளை மணல் திட்டு, அதன் ஓரத்தில் யானை படுத்ததுபோல் ஒரு கரும்பாறை, அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஆறு கற்களில் விழுந்து களகளவென்று போய்க்கொண்டிருந்தது. மணல் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் காய்ந்துபோன ஒரு பள்ளம் இருந்தது. அதைத் தாண்டித்தான் சைக்கிளைத் தூக்கிவந்தாள். பள்ளத்தை அவள் பெரிதாக எடுக்கவில்லை. அவளுடைய கண் முழுவதும் ஆற்றின் மேலேயே இருந்தது. தண்ணீர் விளிம்பிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, பாறையின் அணைவில் கூடாரத்தைப் போட்டாள். மழைக்காலமில்லை, வானத்தில் ஒரு பொட்டு மேகமுமில்லை.

குளித்தாள். சின்ன அடுப்பில் நூடில்ஸ் அவித்துத் தின்றாள். சட்டியைக் கழுவ வசதியாகத் தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லில் வைத்தாள். ஆறு மணிக்குப் பாதையில் பாதி ஏறி, சிக்னல் ஒரு கோடு வந்த இடத்தில் நின்று அம்மாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"சாப்பிட்டனியே?"

"ஓம் அம்மா. இடம் சொர்க்கம் மாதிரி இருக்கு."

"சரி சரி, கதவைப் பூட்டிப்போட்டுப் படு" என்றார் அம்மா, பழக்கதோஷத்தில்.

சிரித்துக்கொண்டே இறங்கி வந்து பாறையில் சாய்ந்து இருந்தாள். வெயில் போய்விட்டது, ரப்பர் மரங்களுக்கு மேலால் நிலவு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அக்கரையிலிருந்து விசில் சத்தம் கேட்டது.

முதலில் யாரோ நாயைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாள். விசில் இரண்டாம் முறையும் வந்தது, மூன்றாம் முறையும் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க்கரை மேட்டில் இரண்டு உருவங்கள் நின்றன. ஒருவர் கையில் ரோச். அந்த வெளிச்சம் ஆற்றைத் தாண்டி வந்து கூடாரத்தில் விழுந்தது, பிறகு அவளுடைய முகத்தில் விழுந்தது.

"கம்! கம்!" என்று ஓர் ஆணின் குரல். மற்றச் சொற்களை ஆற்றுச் சத்தம் விழுங்கிவிட்டது. "கம்! கம்!"

நாற்பத்தொரு வருஷம் கொழும்பில் வாழ்ந்தவளுக்கு ஆண்கள் விசிலடித்து, வா வா என்று கூப்பிட்டால் அது என்னவென்று ஒருவரும் விளக்கத் தேவையில்லை. நெற்றியில் கட்டியிருந்த லைற்றை அணைத்தாள். பாறைக்குப் பின்னால் குந்தினாள். ரோச் வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது, கூடாரத்தைத் தேடியது, மரங்களைக் காட்டியது, திரும்பக் கூடாரத்துக்கு வந்தது. "கம்! அப்! கம்!" என்று குரல் இன்னும் உரத்து வந்தது. அதில் கோபம் இருப்பதுபோலவும் பட்டது.

கொஞ்ச நேரத்தில் குரல் நின்றது. அவள் மெதுவாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். வெளிச்சம் அக்கரையோடு கீழ்ப்பக்கமாக விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. கீழே ஒரு தொங்குபாலம் இருக்கிறது; வரும்போது அவளே அதைப் பார்த்திருந்தாள். சுற்றிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள்.

என்ன செய்வது? சைக்கிளை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போய்விடலாமென்றால் அவர்கள் வருவதும் அதே பாதையால்தான். ஃபோனுக்குச் சிக்னல் இல்லை. இருந்தாலும் யாருக்கு எடுப்பது? கதவைப் பூட்டச் சொன்ன அம்மாவுக்கா? காற்றடிக்கும் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டாள். கனமான பம்ப்தான், தலையில் போட்டால் ஒருவன் விழுவான், இரண்டாவது ஆள் என்ன செய்வான் என்று தெரியாது. படுக்கையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். சட்டியை எடுக்கத் தண்ணீர் ஓரத்துக்குத் தவழ்ந்தாள்.

சட்டியைக் காணவில்லை. சட்டி வைத்த கல்லையும் காணவில்லை.

தான் வைத்த இடத்தை மறந்துவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகுதான் சத்தம் மாறியிருந்தது காதில் விழுந்தது. பின்னேரம் முழுவதும் களகளவென்று கேட்ட ஆறு இப்போது களகளக்கவில்லை. கற்களெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. ஒரே சீராக, அடித் தொண்டையால் உறுமுவதுபோல் ஒரு சத்தம்தான் இருந்தது. முழங்காலுக்குக் கீழே மணல் ஈரமாக இருந்தது.

அந்த நேரம் பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. ஓட்டமும் நடையுமாக வருகிறார்கள். பம்பை உயர்த்திக்கொண்டு, "கவுத? கவுத ஒய்?" என்று சிங்களத்தில், யாரது என்று கேட்டுக் கத்தினாள்.

ரோச் வெளிச்சம் அவள்மேல் விழுந்தது.

"ஐயோ, பொம்பளப் புள்ளங்க! ஏங்க, இது பொம்பளப் புள்ள!" என்றது ஒரு பெண்குரல். தமிழ்!

ஹம்சிகாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "தமிழோ? நீங்கள் தமிழோ?" என்று கேட்டாள், வேறு கேள்வியே இல்லாததுபோல்.

"தமிழுதாம்மா! மொதல்ல மேல வாங்க, தண்ணி வருது! மலையில மழ! பின்னால பாருங்க, பின்னால!"

பின்னால் திரும்பிப் பார்த்தாள். பகலில் காய்ந்து கிடந்த பள்ளம் நிலவு வெளிச்சத்தில் பளபளத்தது. ஆறு முன்பக்கத்தால் மட்டும் ஏறவில்லை. மேலே எங்கோ பிரிந்து, அந்தப் பள்ளத்தால் சுற்றிவந்து மணல் திட்டைக் கரையிலிருந்து வெட்டிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடம் அரைவாசி தீவாகியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் பள்ளத்துக்குள் இறங்கி வந்தார்; தண்ணீர் அவருடைய முழங்காலைத் தொட்டது. பைகளோடு சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார். அந்தப் பெண் கூடாரத்தை உள்ளே கிடந்த சாமான்களோடு அப்படியே மூட்டைபோல் வாரி, ஒரு கையால் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மற்றக் கையால் ஹம்சிகாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளங்கை காய்த்துப்போய் மரப்பட்டைபோல் இருந்தது. நடுப்பள்ளத்தில் ஹம்சிகாவின் கால் ஒருமுறை வழுக்கியது. அந்தப் பிடி தளரவேயில்லை.

மேலே தோட்டப் பாதையில் ஏறிய பிறகுதான் மூன்று பேரும் நின்று மூச்சு விட்டார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் தவமணி. ஐம்பதை எட்டிக்கொண்டிருக்கும் வயது. அக்கரைத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவள். கூட வந்தவர் அவளுடைய கணவர் வேலாயுதம். விறகு பொறுக்க ஆற்றோரம் வந்தவர்கள், தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்திருக்கிறார்கள். மேல்மலையில் மழை பெய்தால் இங்கே ஆறு முதலில் தேத்தண்ணி நிறமாகும், அரை மணித்தியாலத்தில் ஏறிவிடும் என்று தவமணி சொன்னாள். அப்படிப் பார்த்தபோதுதான் இக்கரையில் கூடாரம் கண்ணில் பட்டதாம்.

"வெள்ளக்காரங்கன்னு நெனச்சோம். இந்தப் பக்கம் அவுங்கதான் இப்புடி கொட்டாய் போட்டுப் படுப்பாங்க. அதான் இவரு இங்கிலீசுல கத்துனாரு. இவருக்குத் தெரிஞ்ச இங்கிலீசே அவ்வளவுதான். கம், கோ, அப், குட்மோர்னிங்."

வேலாயுதம் வெட்கப்பட்டு மறுபக்கம் பார்த்தார். "தமிழ்னு தெரிஞ்சிருந்தா தமிழ்லயே கூப்புட்டிருப்பேன்" என்றார்.

ஹம்சிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அழுகையும் சேர்ந்து வந்தது. கையில் இன்னும் பம்ப் இருந்தது. "நான்... நான் நினைச்சன்..." என்று தொடங்கியவள் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்ல முடியாமல் நின்றாள்.

தவமணிக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. "தெரியும் தங்கச்சி. லைட்ட அணச்சீங்க பாருங்க, அப்பயே தெரிஞ்சிருச்சு, ஆளு பயந்துருச்சுன்னு. நான் மட்டும் போயிட்டு வாரேன்னு இவரு சொன்னாரு. உள்ளுக்கு பொம்பள ஆளு இருந்தா, இருட்டுக்குள்ள ஒரு ஆம்பள வந்து நிண்டா ஆத்துலயே குதிச்சிரும், நானும் வாரேன்னு ஓடியாந்தேன். மூட்டு வலியோட."

அந்த இரவு அவர்கள் அவளைத் தொங்குபாலத்தால் தங்கள் பக்கம் கூட்டிப்போனார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், தங்கள் வீட்டுக் கட்டிலைத் தருவதாகத் தவமணி சொன்னாள். அந்த வீட்டில் இருந்ததே ஒரு கட்டில்தான் என்று கண்டதும், கூடாரத்திலேயே படுக்கிறேன் என்று ஹம்சிகா பிடிவாதமாக நின்றாள். பால் நிறுக்கும் கொட்டிலின் சீமெந்துத் தரையைத் தவமணி கூட்டிக் கொடுக்க, அதில் கூடாரம் நின்றது. சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் வந்தன. நூடில்ஸ் தின்ற வயிறு அதை மறந்து நாலு ரொட்டியை உள்ளே வாங்கியது. ஹம்சிகா அம்மாவின் பொரிவிளாங்காயை எடுத்து நீட்டினாள். வேலாயுதம் ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து, பல் இறங்காமல் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது திங்குறதா, எறியிறதா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். மூவரும் சிரித்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஹம்சிகா அன்றிரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

காலையில் வேலாயுதம் ஆற்றைக் காட்டக் கூட்டிப்போனார். மணல் திட்டு இல்லை. பள்ளம் இல்லை. யானைப் பாறையின் முதுகு மட்டும் ஒரு பாய் அகலத்துக்குத் தெரிந்தது. அதைச் சுற்றிக் கலங்கல் தண்ணீர் ஒரு வாழை மரத்தை வேரோடு சுழற்றிக்கொண்டு போனது. ஹம்சிகா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டாள். வேலாயுதம் அவளோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தன் வேலைக்குப் போனார்.

தவமணி அதற்கு முன்பே மலைக்கு ஏறிவிட்டாள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் ஓடும். ஹம்சிகா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளைத் தேடிப் போனாள். வளைந்த கத்தியால் மரப்பட்டையில் மெல்லிய ஒரு சரிவுக் கோடு. வெள்ளைப் பால் அதோடு வழிந்து சிரட்டைக்குள் சொட்டத் தொடங்குமுன் தவமணி அடுத்த மரத்தில் நின்றாள். ஹம்சிகா பின்னாலேயே போனாள். இரவு முழுவதும் சொல்ல நினைத்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தாங்ஸ் என்றால் கடைக்காரருக்குச் சொல்வதுபோல இருந்தது. நன்றி என்றால் மேடையில் ஏறியதுபோல இருந்தது. இரண்டு மரம் போயிற்று, ஐந்து மரம் போயிற்று.

"என்ன தங்கச்சி, பேசாம வாரீங்க? எனக்கு இன்னும் நூறு மரம் கெடக்கு."

"அக்கா, என்ரை அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை" என்றாள் ஹம்சிகா. வாயில் அதுதான் வந்தது.

தவமணியின் கத்தி நின்றது. திரும்பிப் பார்த்தாள். கன்னத்தில் பால் ஒரு சொட்டுத் தெறித்துக் காய்ந்திருந்தது. "சரி, சரி" என்றாள். "அம்மாவுக்கு போன் போட்டீங்களா?"

"போட்டனான். நல்லாப் படுத்தனான் எண்டு சொன்னன். மிச்சம் சொல்லேல்லை."

"வீட்டுக்குப் போயி பக்கத்துல ஒக்காந்து சொல்லுங்க. போன்ல சொல்லாதீங்க, பயந்துருவாங்க." பிறகு தன் ஃபோன் நம்பரைச் சொன்னாள். "போய்ச் சேந்ததும் ஒரு கோல் குடுங்க. இல்லாட்டி இவரு என்னயப் போட்டு நச்சரிச்சிக்கிட்டே இருப்பாரு." சொல்லிக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று ஹம்சிகா வீதியில் நின்று யோசித்தாள். ஆனால் சைக்கிளில் ஏறி ஒரு மைல் போனதும் அந்த யோசனை மிதிப்பில் கரைந்து போயிற்று. அன்று முழுவதும் சிறு வீதிகளால், ஏற்றம் கண்ட இடமெல்லாம் இறங்கித் தள்ளி, தோட்டம் தோட்டமாகச் சுற்றினாள். ஒரு விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. தான் பம்பை ஓங்கிக்கொண்டு, ஒருவனுடைய தலையை எப்படி உடைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம், இரண்டு பேர் வேலை அலுப்போடு, ஒருவர் மூட்டு வலியோடு, யாரென்றே தெரியாத ஓர் ஆளுக்காக இருட்டில் ஓடி வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்து வந்தது. எதிரே வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், ஓட்டோக்காரர் எல்லாருக்கும் அவள் கை காட்டிக்கொண்டு போனாள். அவர்களும் காட்டினார்கள்.

இரண்டாவது இரவு ருவன்வெல்லைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தங்கினாள். நல்ல மேடு. கூடாரத்தை விரிக்குமுன், தண்ணீர் வந்தால் எந்தப் பக்கத்தால் வரும், எந்தப் பக்கத்தால் போகும் என்று காலால் நடந்து பார்த்தாள். பிறகு அக்கம்பக்கத்து மூன்று வீட்டு வாசலுக்கும் போய், தன் பெயரைச் சொல்லி, இன்றைக்கு இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒரு வீட்டில் இளநீர் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் ஏன் தனியாக வந்தாய் என்று கவலையோடு விசாரித்தார்கள். தேங்காய் விழாத இடமாகப் பார்த்துப் படுக்கச் சொன்னதும் அவர்கள்தான்.

சனிக்கிழமை பின்னேரம் கொலன்னாவை வாகன நெரிசலுக்குள்ளால் நெளிந்து வளைந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தாள். நாலு மாடிக்கும் படியேற முடியவில்லை. கைபிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். அம்மா தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். அவள் குளித்துவிட்டு வந்து, தவமணி சொன்னபடியே அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, ஒன்றையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். விசில், பம்ப், காணாமல் போன சட்டி, பள்ளம், அந்தக் கை.

அம்மா ஏசவில்லை. இனிமேல் போகாதே என்று சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் கையை நீட்டினார்.

"அந்தப் பிள்ளையின்ரை நம்பர் இருக்கோ?"

"இருக்கு. நானும் எடுக்கவேணும்."

"முதல் நான் எடுக்கிறன். தா."

ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். காது மந்தமென்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். உள்ளே ஹம்சிகாவுக்கு எல்லாம் கேட்டது.

"தங்கச்சி, நான் ஹம்சிகான்ரை அம்மா கதைக்கிறன்."

"வணக்கம்மா! புள்ள வந்து சேந்துருச்சா? நல்லா இருக்கா?"

அம்மா நன்றி சொல்லவில்லை. பிள்ளைகள் எத்தனை பேர், என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். மூட்டு வலிக்கு என்ன பூசுகிறீர்கள் என்று கேட்டு, நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசும்படி சொன்னார். ரொட்டிக்கு மா எப்படிக் குழைக்கிறீர்கள் என்று கேட்டார். ஆறு வடிந்துவிட்டதா என்று கேட்டார். அரை மணித்தியாலத்துக்கு மேல் இப்படியே போயிற்று. கீழே கடற்கரை வீதிக்கு அப்பால் ரெயில் ஒன்று போன சத்தம் ஓயும்வரை இரண்டு பேரும் பொறுத்திருந்தார்கள்.

பிறகு அம்மாவின் குரல் தாழ்ந்தது. "தங்கச்சி, என்ரை பிள்ளை லைற்றை நூத்துப்போட்டு ஒளிச்சிருக்கேக்கை, நீங்கள் உங்கடை பாட்டிலை வீட்டை போயிருக்கலாம். ஆரும் கேட்டிருக்கமாட்டினம். நீங்கள் போகேல்லை." அம்மா விம்மினார்.

"அம்மா, அழாதீங்கம்மா. புள்ளகிட்ட குடுங்க போன."

ஹம்சிகா போய் வாங்கினாள். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தார்.

"தங்கச்சி, அம்மா பேசுனதுல பாதி எனக்கு வெளங்கல" என்றாள் தவமணி. "ஆனா சொன்னது வெளங்கிருச்சு. அத அவுங்ககிட்ட சொல்லிருங்க."

"சொல்லுறன் அக்கா" என்றாள் ஹம்சிகா. "அண்ணாவுக்கும் சொல்லுங்கோ. அவர் கூப்பிட்டது எனக்கு இப்பதான் கேட்டது எண்டு."

அந்தப் பக்கத்தில் அதை வேலாயுதத்திடம் சொல்வதும், அவர் ஏதோ சொல்வதும், இருவரும் சிரிப்பதும் கேட்டன. ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அம்மா சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த போயா எப்பவடி?"

"ஏன் அம்மா?"

"நானும் வாறன், அந்தப் பிள்ளையைப் பாக்க. நீ சைக்கிளிலை வா. நான் பஸ்ஸிலை வாறன்" என்றார் சரோஜினிதேவி.